பிள்ளை வளரவில்லையா? சிறுநீரகத்தையும் பாருங்கள்

உச்சமுனைத் தீவில் ஒரு பிள்ளைக்குச் சிறுநீரக ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கடல் இடங்கொடுக்க வேண்டும். வள்ளத்தில் கற்பிட்டி, அங்கிருந்து புத்தளம், தேவைப்பட்டால் கொழும்பு. அதனால்தான், வளராத பிள்ளையை "திரிபோஷா கொடுத்துப் பாருங்கோ" என்பதோடு மட்டும் திருப்பி அனுப்புவது இந்தக் கரையில் கூடுதல் ஆபத்தாகிறது.

மெலிந்த பிள்ளைகள் பலருக்குச் சாப்பாட்டுக் குறைவும் அடிக்கடி வரும் காய்ச்சல், வயிற்றோட்டமுமே காரணம். திரிபோஷா சத்துமா அவர்களுக்கு உதவும். ஒழுங்காகச் சாப்பிட்டும் கிளினிக் கொப்பியில் வளர்ச்சிக் கோடு ஏறாமல் கிடக்கும் பிள்ளையின் கதை வேறு. ராவில் எழும்பி எழும்பித் தண்ணீர் கேட்கிறதா? நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கியிருக்கிறதா? ஆண் குழந்தைக்குச் சிறுநீர் வீச்சில்லாமல் சொட்டுச் சொட்டாகப் போகிறதா? மணலும் வெயிலுமான ஊரில் தாகத்தை யாரும் நோயென்று நினைப்பதில்லை. நீரையும் உப்பையும் பிடித்துவைக்க முடியாத சிறுநீரகம் அந்தத் தாகத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. இரத்தத்தில் அமிலம் தேங்கினால் எலும்பு நீளாது. வளர்ச்சி ஹார்மோன் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக இணங்காது.

கருவில் சிறுநீரகங்களை உருவாக்கும் மரபணுக்களில் சில காதையும் விரலையும் இதயத்தையும்கூட உருவாக்குகின்றன. அதனால் உள்ளே நடந்த பிசகு வெளியிலும் தடயம் விடும். காதுக்கு முன்னால் ஊசிமுனை அளவு துளை பலருக்கு உண்டு, அதில் பயமில்லை. அதே பிள்ளைக்குக் காதும் மந்தமாக இருந்து, குடும்பத்தில் சிறுநீரக நோயும் இருந்தால் அது வேறு செய்தி.

பெண் பிள்ளை வகுப்பில் எல்லோரையும்விடக் கட்டையாக இருந்து, ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் கீழே ஒட்டி லாட வடிவில் தெரிந்தால் டர்னர் நிலையை நினைக்க வேண்டும். ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ குறைந்திருக்கும். பெரும்பாலும் அது தற்செயலாக நேர்வது. தாயைக் குற்றஞ்சொல்ல இதில் எதுவுமில்லை. கண்டுபிடித்தால் இதயத்தின் பெருந்தமனியைப் பார்க்கலாம், வளர்ச்சி ஹார்மோனை நேரத்தோடு தொடங்கலாம்.

என்னை அதிகம் கலங்கவைப்பது ஃபன்கோனி இரத்தசோகை. சுவிஸ் மருத்துவர் கைடோ ஃபன்கோனி 1927இல் விவரித்த நோய் இது. சிறுத்த அல்லது இல்லாத பெருவிரல், குள்ளம், இடம்மாறிய அல்லது ஒற்றைச் சிறுநீரகம் முதலில் தெரியும். எலும்பு மச்சை பெரும்பாலும் சில வருடங்கள் கழித்தே வற்றத் தொடங்கும். குரோமோசோம் உடைவுப் பரிசோதனை இதை உறுதிப்படுத்தும். நோயின் பெயர் தெரியாமல் மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு வழக்கமான அளவில் மருந்து ஏற்றினால் அந்த உடல் தாங்காது. இது பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் நோய். மச்சான் மச்சாளுக்குள் முடித்த குடும்பமா என்று கேட்பது இதற்காகத்தான். அந்தக் கேள்வியை ஆறுதலாக, ஒருவர் மனமும் நோகாமல் கேட்க வேண்டும்.

பிள்ளையை முதலில் பார்க்கும் இடத்திலேயே உயரமும் நிறையும் அளந்து, இரத்த அழுத்தம், சிறுநீர், கிரியேட்டினின், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக்கொடுக்க வேண்டும். சந்தேகமிருந்தால் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதமும் அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளென்று அலையவிட்டால், கடலுக்குப் போகாத நாளெல்லாம் உழைப்பை இழக்கும் தகப்பன் அடுத்த முறை பிள்ளையைக் கூட்டிவர மாட்டார்.