காட்பாடிக் கணக்கு: 12 தேர்தல், 10 வெற்றி

1971 முதல் 2021 வரை தமிழகச் சட்டப்பேரவைக்கு 12 பொதுத்தேர்தல்கள் நடந்தன. திமுகவின் துரைமுருகன் வென்றவை 10: காட்பாடியில் 8, ராணிப்பேட்டையில் 2 (1977, 1980). விடுபட்டவை 1984, 1991. முதல் வெற்றியில் அவருக்கு வயது 32, பத்தாவதில் 82.

இந்தப் பத்தில் திமுக ஆட்சி அமைத்தது 5 முறை. மீதி 5 முறை எதிர்வரிசை. 234 இடங்களில் கட்சி பிடித்தவை 1977இல் 48, 1980இல் 37, 2001இல் 31, 2011இல் 23. நான்கிலும் அவர் உண்டு. 1991இல் கட்சிக்கே கிடைத்தது 2 இடம். அந்த ஆண்டு அவர் பேரவையில் இல்லாததைத் தனிக்குறையாகச் சொல்வதற்கில்லை.

ஆனாலும் காட்பாடியைக் கோட்டை என்று சொல்ல வாக்கு வித்தியாசம் இடம் தராது. 2011இல் 2,973; 2016இல் 23,946; 2021இல் 746. கடைசி இரண்டையும் ஒப்பிட்டால், அவருடைய வாக்கு 90,534இலிருந்து 85,140ஆக, அதாவது 5,394 குறைந்தது. அதிமுகவின் வாக்கோ 66,588இலிருந்து 84,394ஆக, 17,806 கூடியது. சரிவில் முக்கால் பங்குக்கு மேல் எதிரணி சேர்த்த வாக்குதான். 2016இல் தனித்து நின்ற பாமக 2021இல் அதிமுக அணியில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். 374 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். ஒரு வாக்குச்சாவடியின் வரிசையில் நிற்கும் கூட்டம் அவ்வளவுதான்.

மகன் கதிர் ஆனந்த் வேலூர் மக்களவைத் தொகுதியில் 2019இல் 8,141 வாக்கில் வென்றார், 2024இல் 2,15,702. ஆம்பூரும் வாணியம்பாடியும் அந்தத் தொகுதியில் அடங்கும். தந்தையின் காட்பாடி அடங்காது. அது அரக்கோணத்தில் இருக்கிறது.

இன்னொரு கணக்கு ஆம்பூர், வாணியம்பாடி வழியே ஓடும் பாலாற்றுடையது. ஆற்றின் நீளம் 348 கி.மீ.; தமிழகத்தில் 222 கி.மீ. 1996 மே மாதம் துரைமுருகன் பொதுப்பணித் துறை அமைச்சரானார். பாசனமும் அப்போது அந்தத் துறையில்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் பாலாற்றை மாசுபடுத்திய தோல் தொழிற்சாலைகள் மீது தீர்ப்பளித்தது. அதன்படி, ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர். தோல் பகுதிகளில் பாழான விளைநிலம் ஏறக்குறைய 35,000 எக்டேர். தோல் தொழிற்சாலைகள் 900க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் அபராதம் ரூ.10,000. 900 என்றே கொண்டாலும் ரூ.90 லட்சம், எக்டேருக்கு சுமார் ரூ.257. இழப்பீடு இதில் சேராது.

மாசுக் கட்டுப்பாடு அவர் துறையல்ல; அதைச் சொல்லியாக வேண்டும். ஆற்றுநீர் அவர் துறை. 2025 ஜனவரி 30இல் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டபோது, இடைவெளி 28 ஆண்டு 5 மாதம். அப்போது நீர்வளத் துறை அமைச்சராக இருந்தவர் துரைமுருகன்.