ஆம்புக்கு வீடு பார்க்கிறோம்!

காரில் பாட்டு அதிரும்போது எல்லாரும் ஸ்பீக்கரைத்தான் பார்க்கிறோம். அதற்குத் தெம்பு கொடுக்கிற ஆம்ப்ளிஃபயரை எங்கே மாட்டுவது என்று முடிவாகிற அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன்! திருச்சி தில்லைநகர் பக்கம் சின்ன ஷெட். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த சின்னக் கார் ஒன்று, நாலு கதவும் டிக்கியும் திறந்தபடி நிற்கிறது.

"சப்வூஃபர் பெட்டி மேலயே மாட்டிடலாமே தம்பி?" என்கிறார் கார்க்காரர்.

"ஓயாம அதிரும் சார். ஸ்க்ரூ கழலும், உள்ள சால்டர் விட்டுப்போகும். இதுவும் வாடகைக்கு வீடு பாக்குற மாதிரிதான். காத்து வரணும், தண்ணி வரக் கூடாது" என்கிறார் ஆம்ப் மாட்டுகிற தம்பி.

டிக்கியின் மேல்தட்டில் தலைகீழாக? கூடாது! சூடு மேலே ஏறும்; தப்பிக்க வழியில்லாமல் ஆம்புக்குள்ளேயே தங்கும். ஏபி வகை ஆம்ப் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகவே போகிறது. டி வகை அவ்வளவு சுடாது. ஆனாலும் திருச்சி சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய டிக்கி அடுப்புதான். சூடு எல்லை மீறினால் ஆம்ப் தானே அணைந்துவிடும், பாட்டு பாதியில் நிற்கும்.

பின்சீட்டுக்கு அடியில் துளை போடலாமா? தம்பி தரையில் படுத்து டார்ச் அடித்துக் காட்டினார். எனக்குச் சிலிர்த்துவிட்டது! பெட்ரோல் டேங்க் சரியாக அங்கேதான் இருக்கிறது. நம் சின்னக் கார்கள் பலவற்றில் அப்படித்தான்.

மிச்சம் முன்சீட்டின் அடி. ஆம்ப் அளவுக்கு அட்டையில் ஒரு பெட்டி செய்து உள்ளே தள்ளி, சீட்டை முன்னும் பின்னும் கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை! அடுத்த கேள்விதான் அற்புதம்: "அம்மா மண்டபம் போவீங்களா சார்?"

அந்தப் படித்துறையில் காவிரியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு ஏறினால் தண்ணீர் நேரே கார்பெட்டில் இறங்கும். அதனால் ரப்பர் புஷ் வைத்த பலகையில் தரையைவிட்டு ஓர் அங்குலம் தூக்கி, சுற்றிலும் காற்று போக இடம் விட்டு உட்கார வைத்தார்.

அப்புறம் வயர். பேட்டரி வயர் காரின் ஒரு ஓரம், சிக்னல் வயர் மறு ஓரம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ். எர்த் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்ட, பளபளவென்று தகடு கண் திறந்தது. எர்த் சரியில்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ங்ஙொய்ங்' என்று இரைச்சல் ஏறுமாம்.

காவிரிப் பாலத்தில் முதல் பாட்டு. இரைச்சல் துளியும் இல்லை. மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் வந்து தட்டியது!

நீங்களும் ஆம்ப் வாங்கினால் வாட் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். டிரில்லைக் கையில் எடுக்கும் முன் காருக்கு அடியில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.