ஒன்பது பேர், இரண்டு அட்டை

பட்டமளிப்பு விழா என்றால் ஒரு மாணவருக்கு இரண்டு அழைப்பு அட்டை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதுதான் வழக்கம். கலும்பாங்கிலிருந்து நாங்கள் கிளம்பியதோ ஒன்பது பேர்.

பட்டம் வாங்குகிறவள் என் அக்கா மகள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். படித்தது கெடா மாநிலத்தின் வட கோடியில், சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில். நம் பிள்ளைகள் வாயில் அது 'யுயுஎம்'. கலும்பாங்கிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். ஞாயிறு காலை அமர்வில் அவள் பெயர். எட்டு மணிக்குள் பெற்றோர் மண்டபத்துக்குள் உட்கார்ந்துவிட வேண்டும்.

அங்கி வாங்கவும் ஒத்திகைக்கும் அவள் வியாழக்கிழமையே பஸ் ஏறிவிட்டாள். நாங்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. அத்தான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அன்று பார்த்து ஆலையில் லாரி வரிசை நகரவில்லை. அக்காவுக்குத் தஞ்சோங் மாலிமில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமை ஓவர் டைம். அம்மா பீரோவிலிருந்து எடுத்த புடவைக்கு ஏற்ற ரவிக்கை காணாமல் போய், அது என் மனைவியின் பையில் கிடைத்தபோது மணி ஒன்பது. இதற்கு நடுவில் முறுக்கு டின் எங்கே, சின்னவனின் காலணி எங்கே என்ற கூச்சல் வேறு.

வேன் எங்களுடையது இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கும் வேன். "திங்கக்கிழமை காலையில அஞ்சரைக்கு எனக்கு வண்டி வேணும் தம்பி, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டுச் சாவியைக் கொடுத்தார். ஒன்பதே முக்காலுக்கு வண்டி தெருவை விட்டுத் திரும்பியது.

பக்கத்தில் ஒன்று இருக்கும்போது

கலும்பாங்கிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் தஞ்சோங் மாலிம். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். 1922இல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அம்மா கேட்கிற கேள்வியை அன்று இரவும் கேட்டார்.

"வாசல்லயே ஒரு யூனிவர்சிட்டி இருக்கு. பிள்ளையை எதுக்குடா சயாம் எல்லையில கொண்டுபோய் விட்டீங்க?"

பிள்ளை விரும்பியது கணக்கியல். விண்ணப்பத்தில் பல இடங்களைக் குறித்தாள், கிடைத்தது சிந்தோக். இதை நான்கு வருடமாக விளக்கியும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. காரணம் இருக்கிறது. அக்காவும் அத்தானும் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட, பேத்தியைக் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்து, தமிழ்ப்பள்ளி வரை கைபிடித்து நடந்தவர் அம்மாதான்.

அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். காலை பெரட்டுக்குப் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போய், காண்டா வாளி சுமந்த தோள். படித்தது மூன்றாம் வகுப்பு வரை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டு நாங்களும் தாமான் வீட்டுக்கு வந்தோம். பல்கலைக்கழகம் என்ற சொல் மட்டும் அவருக்குப் புதிதில்லை. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், அங்கே தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டங்களிலிருந்தும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று போயிற்று. 1956இல் இந்திய இயல் துறை பிறந்தது. எங்கள் தாத்தாவும் ஒரு வெள்ளி கொடுத்தாராம். கொடுத்தவர்களில் மிகப் பலர் பல்கலைக்கழக வாசலைப் பார்த்ததே இல்லை.

சுங்கை பேராக்கில் ஒரு தகவல்

மழை தாப்பாவில் பிடித்தது, ஈப்போ வரை விடவில்லை. மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து சுங்கை பேராக் ஓய்வுப் பகுதியில் நிறுத்தியபோது நள்ளிரவு. பிள்ளைகள் மைலோ குடித்தார்கள். நானும் அத்தானும் ஓட்டுநர் மாற்றிக்கொண்டோம். அப்போது அக்கா பையைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"அட்டை உங்ககிட்டதானே இருக்கு?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். வேனுக்குள் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பின் இருக்கையிலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னார்: "சாமி மேடையில வெச்சேன். முருகன் படத்துக்குக் கீழ. எடுத்துக்கிட்டு வரச் சொல்லணும்னு இருந்தேன்..."

இரண்டு அட்டையும் கலும்பாங்கில் முருகனிடம் பத்திரமாக இருந்தன.

திரும்பிப் போய் வர நான்கு மணி நேரம். எட்டு மணிக்குள் மண்டபத்துக்குள் உட்கார முடியுமா என்பதே சந்தேகம். அட்டை இல்லாமல் உள்ளே விடுவார்களா என்று அந்த நேரத்தில் யாரிடம் கேட்பது? அக்கா அழத் தொடங்கிவிட்டார். அம்மாவோ அழவும் இல்லை, பேசவும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வழி சொன்னது ஐந்தாம் படிவம் படிக்கும் அக்கா மகன். "அக்காகூட படிச்ச ஒரு அண்ணனுக்கு வீடு பத்தாங் காலியில. அவங்க வீட்டுல லேட்டாதான் கிளம்புறாங்கன்னு அக்கா சொன்னுச்சி" என்று உடனே தமக்கைக்குப் போன் போட்டான். அவள் தூக்கத்திலிருந்து எழுந்து அந்தப் பையனுக்குப் போன் போட்டாள். அவன் தன் அப்பாவுக்கு. அவர்கள் அப்போதுதான் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்களாம்.

எங்கள் வீட்டுச் சாவி ஒன்று வேன்கார அண்ணனிடம் எப்போதும் இருக்கும். அந்த நள்ளிரவில் அவர் எங்கள் வீட்டைத் திறந்து, முருகன் படத்துக்குக் கீழிருந்த உறையை எடுத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் மாலிம் டோல் சாவடிக்குப் போனார். முன்பின் பார்த்திராத ஒரு குடும்பம் அங்கே காரை நிறுத்தி அதை வாங்கிக்கொண்டது. "மூன்றாம் பேர் கையில கொடுக்காதீங்க" என்று அவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். அந்த மனிதருக்கு நாங்கள் வேன் வாடகைகூடக் கொடுக்கவில்லை. எண்ணெய் மட்டும் போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு.

நாங்கள் நிற்காமல் கெடாவுக்குள் போய், குருண் ஓய்வுப் பகுதியில் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தோம். பிள்ளைகள் தூங்கினார்கள். அம்மா கண்ணை மூடவில்லை. நாலரை மணி சுமாருக்கு ஒரு பழைய கார் வந்து பக்கத்தில் நின்றது. இறங்கியவருக்கு என் வயதிருக்கும். உறையை நேராக அம்மாவின் கையில் கொடுத்தார். "பசியாறிட்டுப் போவோமா பாட்டி? நேரம் இருக்கு" என்றார். அந்த அதிகாலையில் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் உட்கார்ந்து நாசி லெமாக்கும் எங்கள் வீட்டு முறுக்கும் சாப்பிட்டோம்.

மண்டபத்துக்கு வெளியே

சங்லூனில் மருமகளின் தோழிகள் எடுத்திருந்த வாடகை வீட்டில் ஒன்பது பேரும் ஒரே குளியலறையில் குளித்துக் கிளம்பியது தனிக் கதை. வழியில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகளைப் பார்த்து அம்மா, "ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடமா?" என்று வியந்தார். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எங்களுக்கு விடுமுறை நாள், அவர்களுக்கு வேலை நாள்.

1984இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம், 1990இல் சிந்தோக் காட்டு நிலத்துக்கு இடம் மாறியது. பரப்பு ஆயிரம் ஹெக்டருக்கு மேல். மலையும் மரமும் ஆறுமாக இருக்கும் வளாகத்தைப் பார்த்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "தோட்டம் மாதிரியே இருக்கு."

முவாட்சாம் ஷா மண்டபத்துக்கு முன்னால் பூங்கொத்துக் கடைகள், கரடிப் பொம்மைகள், படம் பிடிப்பவர்கள். கறுப்பு அங்கிகளுக்கு நடுவே பட்டுப் புடவையும் பாஜு குரோங்கும் சீன ஆடையும். அங்கேதான் அத்தான் தன் அட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்க போங்க அத்தை."

"ஐயோ, அது அப்பா அட்டை மாப்பிள்ளை. நான் எப்படி?"

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. நான் ஒரு நாளும் போனதில்ல. இன்னிக்கும் நீங்களே போங்க."

முதல் நாளே முடிவு செய்திருக்கிறார். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். மற்ற ஆறு பேரும் அத்தானும் மரத்தடியில் என் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து நேரலையைப் பார்த்தோம். நேரம் ஓடியது. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. படம் அடிக்கடி நின்று நின்று போனது. சின்னவன் தூங்கிவிட்டான்.

திடீரென்று அவள் பெயர். அதன் பின்னாலேயே 'அனாக் பெரெம்புவான்' என்ற சொல். அதற்கும் பின்னால் அத்தானின் பெயர்.

நம் நாட்டில் தமிழ்ப் பெண்ணின் அடையாள அட்டையில், அவள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே அந்தச் சொல்லின் சுருக்கம் வாழ்நாள் முழுக்க நிற்கிறது. பாரத்தில் எழுதும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. அன்று அது ஒரு பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கியில் வந்தது. ஆலை வரிசையில் லாரி எண்ணைச் சொல்லி மட்டுமே கூப்பிடப்படுகிற மனிதரின் பெயர். அத்தான் எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் மருமகள் தன் தொப்பியைக் கழற்றிப் பாட்டிக்கு வைக்கப் போனாள். அம்மா கையைத் தட்டிவிட்டார். "படிச்சவதான் போடணும். நீ போட்டுக்கிட்டு நில்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்." அப்படியே ஒரு படம். பத்தாங் காலிக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு பட்டதாரிகளையும் நடுவில் நிறுத்தி இன்னொரு படம்.

திரும்பும் வழி

பிற்பகல் புறப்பட்டபோது மருமகளோடு பத்துப் பேர். போகும்போது இருட்டில் தெரியாத ஜெராய் மலை இப்போது தெளிவாக நின்றது. அந்த மலையடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படையெடுத்த கடாரம் என்று நாம் பள்ளியில் படித்த இடம். மருமகள் அதைக் காட்டிச் சொல்லும்போது வேனில் விழித்திருந்தது நானும் அம்மாவும்தான். அம்மா கேட்டது வேறு: "கடனை எப்பம்மா கட்ட ஆரம்பிக்கணும்?" பி.டி.பி.டி.என். கல்விக்கடன். வேலைக்கு நேர்முகத் தேர்வு இரண்டு முடிந்திருக்கிறது, பதில் வரவில்லை என்றாள். பட்டம் வாங்கிய அன்றே இந்தப் பேச்சும் வந்துவிடுகிறது. நம் வீடுகளில் இப்படித்தான்.

இந்தப் பருவத்தில் கிளம்பவிருக்கும் குடும்பங்களுக்கு இரண்டு வார்த்தை. அட்டையைச் சாமியிடம் காட்டிவிட்டுக் கைப்பையில் வையுங்கள். கிளம்பும் முன் எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் இருவராவது இருக்கட்டும். பக்கத்து ஊரிலிருந்து யார் போகிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் எண்ணை வாங்கி வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு எண்தான்.

இரவு பதினொன்றரைக்கு வீடு சேர்ந்தோம். திங்கள் காலை ஐந்தரைக்கு வேன்கார அண்ணன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போனார். எண்ணெய் நிரப்பிக் கொடுத்திருந்தோம், ஒரு டின் முறுக்கும் வைத்திருந்தோம். அக்கா ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு அத்தானிடமிருந்து போன். ஆலை வாசலில் லாரி வரிசையில் நிற்கிறாராம்.

"மச்சான், அந்தப் பேரு கூப்பிட்ட இடம் மட்டும் வீடியோ எடுத்தியே, அதை எனக்கு அனுப்பு. இங்க ஒருத்தர் கேக்கிறார்."