தாய்லாந்து தியேட்டரில் எல்லோரும் எழுந்து நிற்பது ஏன்? பக்தியா, பயமா?

பாங்காக் தியேட்டர்களில் படம் தொடங்கும் முன் திரையில் மன்னர் தோன்றுவார், அரச வாழ்த்துப் பாடல் ஒலிக்கும். பார்வையாளர்கள் எழுந்து நிற்பார்கள். முதல்முறை போறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும்.

இது பக்தியா, பயமா? ரெண்டும் உண்டு.

70 ஆண்டுகள் ஆண்ட மன்னர் பூமிபோல் 2016-ல் மறைந்தபோது மக்கள் கறுப்பு உடையில் கதறி அழுதனர். அந்த அன்பு நிஜம்.

சட்டப்பிரிவு 112-ம் நிஜம். மன்னர், ராணி, வாரிசை அவமதித்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள் சிறை. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டவருக்கும் விலக்கில்லை.

2020 போராட்டங்களின்போது பாடலுக்கு எழாமல் உட்கார்ந்தே இருந்த இளைஞர்களும் உண்டு. ஆனா டூர் போறவங்க ரிஸ்க் எடுக்க வேண்டாம். எழுந்து நில்லுங்க. காத்துல பறக்குற பணத்தாளைக்கூட காலால் மிதிக்காதீங்க. அதுலயும் மன்னர் முகம் இருக்கு!