வீடு வாங்கப் போறீங்களா? சாவியைக் கையில் வாங்கும் முன் இந்த 'செக்கப்' அவசியம்!

வில்லங்கச் சான்று பார்த்தாச்சு. பட்டா பார்த்தாச்சு. வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கியாச்சு. பேங்க் லோனும் ஓகே. ஆனால், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் அந்த வீட்டின் சுவரை யாராவது தட்டிப் பார்த்தோமா?

'அதான் பேங்க்லேருந்து இன்ஜினியர் வந்து பார்த்துட்டுப் போனாரே' என்பார்கள் பலர். அவர் வந்தது வீட்டின் மதிப்பைக் கணக்கிட. கொடுக்கும் கடனுக்கு அந்த வீடு ஈடாகுமா என்பதுதான் அவருடைய கவலை. பாத்ரூம் ஒழுகுமா என்பது அல்ல. அதைப் பார்ப்பதற்கென்றே இருப்பதுதான் 'ஹோம் இன்ஸ்பெக்ஷன்'.

என்னென்ன பார்ப்பாங்க?

ஓதம்: புது பெயின்ட் அடித்தால் ஈரக்கறை மறைந்துவிடும், ஈரம் போகாது. மாய்ஸ்ச்சர் மீட்டரை சுவரில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் தெரியும். தெர்மல் கேமராவில், தண்ணீர் ஊறிய இடம் மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும்.

பாத்ரூம்: தண்ணீர் போகும் வழியை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைப்பார்கள். கீழ் வீட்டு சீலிங்கில் கசிகிறதா என்று பார்ப்பார்கள்.

டைல்ஸ்: ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். அடியில் கலவை நிரம்பாத டைல்ஸ் வெற்றுச் சத்தம் தரும். பின்னாளில் முதலில் பெயர்வது அதுதான்.

மின்சாரம்: எல்லா பிளக் பாயின்டிலும் எர்த்திங் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகிறதா என்று சோதிப்பார்கள். ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பாற்றுவது இவைதான்.

அளவு: பத்திரத்தில் சொன்ன கார்பெட் ஏரியா நிஜமாகவே இருக்கிறதா என்று லேசர் கருவியால் அளப்பார்கள்.

எந்த விரிசலுக்குப் பயப்படணும்?

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சு காயும்போது முடி போல மெல்லிய கோடுகள் விழுவது சகஜம். ஆனால், ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாளாக நாளாக அகலமாகும் விரிசல், அஸ்திவாரம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

பீம், தூண்களில் கம்பி போகும் வாக்கிலேயே விரிசலும் துருக்கறையும் தெரிந்தால் இன்னும் உஷாராகணும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளும். கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே வரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேதியை எழுதுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் வளர்ந்தால் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம்.

ஆனால் நடைமுறையில் சிக்கல் வருவது இங்கேதான். 'நீங்க ஆணி அடிச்சதால வந்த ஓதம் சார் இது' என்று பில்டர் சொன்னால், இல்லை என்று எப்படி நிரூபிப்பது? சாவி வாங்கும் நாளில் எடுத்த, தேதியும் போட்டோவும் உள்ள இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்தான் அங்கே உங்களுக்காகப் பேசும். அதனால் 'எல்லாம் திருப்தி' என்ற படிவத்தில் அவசரப்பட்டு கையெழுத்து போடாதீங்க. குறைகளைப் பட்டியல் போட்டு, எழுத்தில் கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

விற்பவருக்கு என்ன லாபம்?

பழைய வீட்டை விற்கும்போது, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு இதைச் சொல்கிறது. முன்கூட்டியே இன்ஸ்பெக்ஷன் செய்துவிட்டால் சின்னக் குறைகளைச் சரிசெய்துவிட்டு, கேட்கும் விலையைத் தைரியமாகக் கேட்கலாம்.

கட்டட உரிமையாளர்கள் கவனத்துக்கு

2021 டிசம்பர் 27. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் தரைமட்டமானது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம், விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறிவிட்டார்கள். கட்டடம் முன்கூட்டியே எச்சரித்தது. அவர்கள் அதைக் கவனித்தார்கள்.

எல்லா முறையும் அப்படி கடைசி நேரத்தில் தப்பிக்க முடியாது. பழைய அபார்ட்மென்ட் என்றால் பெயின்ட் அடிப்பதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து ஒருமுறை பார்ப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் ரீபவுண்ட் ஹேமர் சோதனை, கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் கோர் டெஸ்ட் வரை போகலாம்.

யாரைக் கூப்பிடுவது?

இந்தத் தொழிலுக்கென்று நம்ம நாட்டில் தனி உரிமச் சட்டம் இல்லை. அதனால் சிவில் இன்ஜினியரிங் தகுதியைக் கேளுங்கள். பழைய ரிப்போர்ட் ஒன்றின் மாதிரியை வாங்கிப் பாருங்கள். பில்டரோ புரோக்கரோ கைகாட்டும் ஆள் வேண்டாம். குறை கண்டுபிடித்த கையோடு 'ரிப்பேரும் நாங்களே பண்ணித் தர்றோம்' என்பவரிடமும் கவனம் தேவை.

இன்னொன்று: கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத அஸ்திவாரத்தை எந்த ரிப்போர்ட்டும் முழுசாகச் சொல்லிவிடாது. எதைப் பார்க்கவில்லை என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

முடிந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய் வீட்டைப் பாருங்கள். வெயில் காலத்தில் பத்து முறை பார்த்தாலும் தெரியாத ஒழுகல், ஒரே மழையில் தெரிந்துவிடும்.