ஜாமீன்தார் இல்லாத கைதிகள்

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் கிரிவலத்துக்கு வருகிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று வரும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வாமி தரிசனத்துக்கு வருகிறவர்களோடு, அவர்களை நம்பிப் பிழைக்க வருகிறவர்களும் உண்டு. பூ விற்போர், ஹோட்டலில் பாத்திரம் துலக்குவோர், மூட்டை சுமப்போர், யாசகர் எல்லோரும் இவ்வூருக்குப் புதியவர்களே. இவர்களில் ஒருவன்மீது திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு அவன் கைதாகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாஜிஸ்திரேட் இரக்கமுள்ளவர், ஜாமீனும் கொடுத்துவிட்டார். ஆனால் இரண்டு நபர் ஜாமீன் வேண்டும். அவர்கள் உள்ளூர்வாசிகளாயும் சொத்துடையவர்களாயும் இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கொண்டுவர வேண்டும். நடைபாதையில் படுத்துறங்கும் ஒருவனுக்கு இவ்வூரில் வீடுள்ளவர் இருவர் எங்கிருந்து வருவார்கள்? உத்தரவு கையிலிருக்க, அவன் உள்ளேயே இருக்கிறான்.

நமது தேசத்துச் சிறைகளில் இட நெருக்கடி என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் புதிய கட்டிடங்களைப் பற்றியே பேசுகிறார்கள். கட்டிடம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயினும் உள்ளே இருப்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டாமா? மத்திய சர்க்காரின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட 2022-ஆம் வருஷத்துக் கணக்கின்படி, இந்தியாவிலுள்ள 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கு இடமுண்டு. இருந்தவர்களோ 5,73,220 பேர். அதாவது 100 பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர். டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் 100-க்கு 175-க்கு மேல். கால் நீட்ட இடமில்லாமல் முறைவைத்துத் தூங்குவதும், ஒருவன் சொறி சிரங்கு அறை முழுவதும் பரவுவதும், காசநோயாளியின் மூச்சை மற்றவர் சுவாசிப்பதும் இந்த எண்களுக்குள் அடங்கியிருக்கின்றன.

இனி அதே கணக்கின் மற்றொரு வரியைப் பாருங்கள். அந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றவாளிகள் என்று எந்தக் கோர்ட்டாலும் தீர்மானிக்கப்படாதவர்கள். தண்டனை பெற்றவர்கள் மட்டும் உள்ளே இருந்தால், நமது சிறைகளில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும்!

தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கடி இல்லை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். மொத்தக் கணக்கில் அது மெய்யே. இருக்கும் இடத்தைவிட இங்கே கைதிகள் குறைவுதான். (விசாரணையே இல்லாத தடுப்புக் காவலில் இம்மாகாணம் முன்னணியில் நிற்பது வேறு கதை, அதைத் தனியே எழுத வேண்டும்.) ஆனால் ஜாமீன்தார் இல்லாமல் கிடப்பவனுக்கு, பக்கத்தில் இடம் காலியாக இருப்பதால் என்ன ஆறுதல்?

சட்டம் அறியாத விஷயமல்ல இது. மத்தியப் பிரதேசத்தில் ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட் சொல்லியும், மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்; அண்ணன் தம்பி முறையிலுள்ளவர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று தள்ளிவிட்டார். 1978-இல் வழக்கு மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பெழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957-இல் கேரள மந்திரிசபையில் சிறை இலாகாவையும் வகித்தவர். அதற்கு முன்னரே சிறையினுள்ளும் இருந்து பார்த்தவர். தமிழனோ மலையாளியோ தூர தேசத்தில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவான் என்று அவர் கேட்டார். கொத்தனாரை 1,000 ரூபாய்க்குச் சொந்த முச்சலிக்காவிலேயே விடும்படி உத்தரவிட்டார். அன்று தமிழனுக்காகக் கேட்ட கேள்வியை, இன்று இவ்வூருக்கு வந்து சிக்கிக்கொண்ட தெலுங்கனுக்காகவும் வடநாட்டுக் கூலிக்காரனுக்காகவும் நாம் கேட்கிறோம்.

அதன் பின்னும் சட்டங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரைக் கொண்டுவர இயலாதவனை ஏழையென்றே கருதி முச்சலிக்காவில் விட வேண்டும் என்பது 2005-ஆம் வருஷத்துத் திருத்தம். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி சென்றது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் வெளியேறாதவனைப் பற்றிச் சிறை சூப்பரின்டெண்டெண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு அறிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரே வேண்டுமென்ற நிபந்தனையைக் கோர்ட்டுகள் விதிக்காதிருக்கலாம் என்று யோசனை கூறிற்று. 2024 ஜூலையில் அமலான புதிய நடைமுறைச் சட்டத்தின்படி, தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்கள் நீங்கலாக, முதல் தடவை குற்றஞ்சாட்டப்பட்டவன் அதிகபட்ச தண்டனையில் மூன்றிலொரு பங்கைக் காவலில் கழித்துவிட்டால் அவனை முச்சலிக்காவில் விட வேண்டும். ஏழைக் கைதியின் ஜாமீனுக்குப் பணம் கொடுக்கும் சர்க்கார் திட்டமும் 2023 முதல் இருக்கிறது. ஏட்டில் குறைவில்லை. ஏட்டைப் புரட்டி, இந்தக் கைதிக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்று எழுந்து சொல்ல ஆளில்லை என்பதே குறை.

ஆளில்லாததன் விளைவு நெருக்கடியோடு நிற்பதில்லை. வக்கீல் தொழில் பழகிய எவரும் இதைக் கண்டிருப்பர்: சிறு குற்றத்துக்காக மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவனிடம், 'ஒப்புக்கொண்டுவிடு, இருந்த நாள் தண்டனையில் கழிந்துவிடும், நாளையே வீட்டுக்குப் போகலாம்' என்று யாராவது சொல்வார்கள். கணக்கு சரிதான். குற்றம் செய்யாதவனும் அதைக் கேட்டு ஒப்புக்கொள்கிறான். வீட்டுக்குப் போகிறான், ஆயுள் முழுவதும் கேடி என்ற பெயரோடு போகிறான். அடுத்த திருட்டுக்குப் போலீஸார் முதலில் தேடுவதும் அவனைத்தான்.

இந்த ஜில்லாவில் தண்டனை பெறுகிறவர்கள் போகும் வேலூர்ச் சிறையில்தான் ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் இருந்தார். அங்கே தினசரிக் குறிப்பும் எழுதினார். அவரைப்போல் சிறை கண்டவர்களே பிறகு மாகாணத்தையும் தேசத்தையும் ஆண்டார்கள். இருந்தும் 1894-ஆம் வருஷத்து ஆங்கிலேயர் சிறைச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு எத்தனை தலைமுறை காலம் தள்ளினோம்! மாதிரிச் சட்டம் ஒன்றை மத்திய சர்க்கார் தயாரித்து மாகாணங்களுக்கு அனுப்பியது 2023-இல்தான்.

டில்லியில் நடக்க வேண்டியது நடக்கட்டும். திருவண்ணாமலை வக்கீல்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் சிறியது. மாதத்தில் ஒரு நாள், பௌர்ணமிக்கு மறுநாளாகவே இருக்கட்டும், தங்களில் இருவரைக் கிளைச்சிறைக்கும் வேலூருக்கும் அனுப்பி, ஜாமீன் உத்தரவாகியும் வெளியேறாதவர் எத்தனை பேர், எத்தனை நாளாக, என்ன காரணத்தால் என்று எழுதிவரச் செய்ய வேண்டும். அக்குறிப்பின் ஒரு பிரதியை ஜில்லா நீதிபதிக்கும் மற்றொன்றை நமக்கும் அனுப்பினால், கைதிகளின் பெயர்களை நீக்கி, மாதந்தோறும் இப்பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.