மூன்றாம் நம்பர் ரீட் யாருக்கு?

நாகஸ்வரக்காரர் தன் ரீட்டான சீவாளியை நம்பர் பார்த்து வாங்குவதில்லை. கொறுக்கையில் செய்த சீவாளியை ஊதிப் பார்த்து, ஊசியை விட்டு அதன் வாயைச் சரிசெய்து, தன் உதட்டுக்கு வசப்படுத்திக்கொண்ட பிறகே மேளத்துக்குப் புறப்படுவார். மாற்றுச் சீவாளிகள் நூலில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கும். திருவண்ணாமலையில் மாட வீதி ஊர்வலத்திலும் கல்யாண மண்டப வாசலிலும் பேண்ட் செட்டோடு கிளாரினெட் வாசிப்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அவருடைய ரீட் அட்டைப் பெட்டியில் வருகிறது, மவுத்பீஸ் பிளாஸ்டிக் உறையில் வருகிறது. ஊதிப் பார்க்காமலே காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. பெட்டி மேல் 2½, 3 என்று ஓர் எண் இருக்கும். அதை வாசிப்பவரின் தகுதி எண்ணாக எடுத்துக்கொள்வதில்தான் பணமும் உதடும் வீணாகத் தொடங்குகின்றன.

அந்த எண் சொல்வது ரீட்டின் விறைப்பை மட்டும்தான். பொதுவாக 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் அதற்குக் கிடையாது. ரிகோவின் 3ஆம் நம்பர் வேண்டோரனின் 3ஐவிட மெதுவாக இருக்கும். அதைவிட முக்கியம், ரீட் தனியாக ஒலிப்பதில்லை என்பது. மவுத்பீஸின் நுனிக்கும் ரீட்டின் நுனிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி இருக்கிறது. வேண்டோரன் பி45 மவுத்பீஸில் அது 1.195 மி.மீ., அதே கம்பெனியின் 5ஆர்வி லைரில் சுமார் 1.09. பார்வைக்குத் தெரியாத வித்தியாசம், உதட்டுக்கு நன்றாகவே தெரியும். இடைவெளி அகலமானால் ரீட் அதிகம் வளைந்துதான் மூட வேண்டும், எனவே மெதுவான ரீட் வேண்டும். குறுகினால் விறைப்பான ரீட் தாங்கும். அகன்ற மவுத்பீஸில் 4ஆம் நம்பரை மாட்டினால் காற்றுதான் இரையும், சுரம் வராது. வாசிப்பவர் கடித்துப் பிடிப்பார், கீழ் உதட்டின் உள்பக்கம் பல் பதியும். புதிதாகக் கற்பவர் நடுத்தர இடைவெளியில் 2 அல்லது 2½ என்று தொடங்குவதே நியாயம்.

தெருவில் டிரம்மையும் டிரம்பெட்டையும் தாண்டிக் கேட்க வேண்டாமா, அதற்கு விறைப்பான ரீட்தானே என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி உண்மை உண்டு: மிக மெதுவான ரீட் பலமாக ஊதினால் மூடிக்கொள்ளும், மேல் ஸ்தாயி தட்டையாகிவிடும். ஆனால் ஊர்வலம் மணிக்கணக்கில் நடக்கும். பொருந்தாத ரீட்டில் முதல் வீதி திரும்புவதற்குள் உதடு ஓய்ந்துவிட்டால் ஒலி எங்கிருந்து வரும்? நம் சங்கீதத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கமகத்துக்கு உதட்டால் சுரத்தை வளைக்க வேண்டும், விறைப்பு ஏற ஏற அது கடினமாகும். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட் என்ற இந்த மேற்கத்திய வாத்தியத்தில் ராகம் வாசித்துக் காட்டி, 2008இல் சங்கீத கலாநிதி பெற்றார். அந்த வழியில் போக விரும்புகிறவருக்கு நம்பர் ஏறுவது முன்னேற்றமே அல்ல.

வாங்கும்போது இரண்டு சோதனைகள் போதும். ரீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனி இருபுறமும் ஒரே சீராக மங்க வேண்டும். மவுத்பீஸின் ரீட் உட்காரும் பக்கத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, நுனியிலிருந்து மெல்லிய தாளைச் செருகினால், அது இரு ஓரத்திலும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். கோணலாக நின்றால் எந்த ரீட்டைப் போட்டாலும் கிறீச்சிடும். கார்த்திகை மழைக் காற்றில் ரீட் உப்பிக் கோணும், எனவே நாலு ரீட்டையாவது மாற்றி மாற்றி ஊதுவது நல்லது. மவுத்பீஸைக் கொதிநீரில் கழுவக் கூடாது, எபனைட் (கெட்டி ரப்பர்) நிறம் மாறிப் போகும். குழுவில் ஒரே மவுத்பீஸைப் பகிர்ந்து ஊதும் பழக்கத்தால் சளியும் உதட்டுப் புண்ணும் பரவும்.

வாயில் வைத்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. விறைப்பான ரீட் உங்களுக்குச் சேரவில்லை என்பது பொருளின் குறைபாடு அல்ல, அதற்குச் சட்டம் துணை வராது. எபனைட் என்று சொல்லிப் பிளாஸ்டிக்கை அனுப்பினால், போலி பிராண்டைத் தந்தால், கோணல் மவுத்பீஸை விற்றால் கதை வேறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் குறையுள்ள பொருளையும் போலியையும் ஆன்லைன் சந்தையில் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ‘நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் அல்ல’ என்ற வாதமும் எழலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அதற்குப் பதில் வைத்திருக்கிறது: சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது. வாசித்துப் பிழைக்கும் பேண்ட் கலைஞர் நுகர்வோரே. முதலில் 1915 உதவி எண்ணில் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். விற்றவர் மும்பையில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் ஊர் போதும் என்பதால், திருவண்ணாமலை மாவட்ட ஆணையமே எடுத்துக்கொள்ளும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ரசீதும் பொருளின் விளம்பரப் பக்கத்தின் படமும் கையில் இருக்கட்டும். இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அச்சிட்ட அட்டைப் பெட்டியை ரீட் தீர்ந்ததும் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.